மகமை மேடை

சொந்த ஊரில் நன்கொடை கேட்பதைப் போல எனக்குப் பிடிக்காத வேலை வேறு இல்லை. வெளியூரில் கேட்டால் இல்லை என்பார்கள், அதோடு முடிந்தது. சங்கரன்கோவிலில் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் எந்தத் தெரு, அப்பாவுக்கு எத்தனை தறி, எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் சொல்வார்கள். இதையே காரணமாகச் சொல்லி எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் மறுத்துப் பார்த்தேன். தெரிந்த ஊர் என்றால் கொடுப்பார்கள் என்று அவர் அதையே திருப்பிப் போட்டு என்னை அனுப்பிவிட்டார்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். பேரிடர் நேரத்தில் குழந்தைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை. அந்த மழையில் ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கி, பள்ளிக்கூடங்களெல்லாம் முகாம்களாக மாறியிருந்தன. ஒரு முகாமுக்குள் நுழைந்ததும் நான் பார்க்க வேண்டியவை எப்போதும் ஒரே வரிசையில்தான் இருக்கும். பிள்ளைகள் தூங்கும் அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா? கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா? அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இல்லாத பிள்ளைகள் யார்? அவர்களைத் தேடி வருகிறவர்கள் யார்? கூட்டிக்கொண்டு போகிறேன் என்று யாராவது கேட்டார்களா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும்.

ஒரு முகாமில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். சுவர் விழுந்து இடுப்பு முறிந்த அம்மா திருநெல்வேலியில் அரசு மருத்துவமனையில் படுத்திருந்தார். அப்பா கேரளத்தில் எங்கோ கட்டட வேலையில் இருந்தார், போனை எடுப்பதில்லை. மழைக்கு முன்பே அவர், மகளை நூற்பாலை விடுதிக்கு அனுப்புவதாகச் சொல்லி ஒரு மில் ஏஜென்டிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார். தண்ணீர் வடிந்ததும் அந்த ஏஜென்ட் முகாமுக்கு வந்தான். தான் சித்தப்பா என்றும், பிள்ளையை அழைத்துப் போக வந்திருப்பதாகவும் சொன்னான். அவனைப் பார்த்ததும் அவள் வகுப்பறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. எங்கள் மூத்த பெண் ஊழியர் ஒருவர் வெளியே கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அந்த ஆள் போகும்வரை நின்றார்.

குழந்தைகள் நலக் குழுவிடம் அனுமதி வாங்கி, அம்மாவிடமும் சொல்லிவிட்டு, அவளையும் அவளைப் போல் தனியாக இருந்த வேறு சில பிள்ளைகளையும் தள்ளியிருந்த இன்னொரு பள்ளிக்கு மாற்றினோம். வேனில் ஏற அவள் மறுத்தாள். அம்மா குணமாகி வந்து தேடினால் தான் பழைய இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அம்மா நடக்கத் தொடங்கும்வரை இனி எங்கேயும் மாற்ற மாட்டோம் என்று நான் சொன்ன பிறகுதான் ஏறினாள்.

நான் சங்கரன்கோவிலில் கேட்கப் போனது அந்தப் பள்ளிக்கூட அறைக்குத்தான். தாழ்ப்பாள், சூரிய விளக்கு, பிள்ளைகளோடு தங்க இரண்டு பெண் ஊழியர்களுக்குச் சம்பளம். இந்த மூன்றுக்கும் யாரும் பணம் கொடுப்பதில்லை. பிஸ்கட் கொடுப்பார்கள். போர்வை கொடுப்பார்கள். அந்தப் பள்ளியில் ஒரு வகுப்பறை முழுக்க பிஸ்கட் பெட்டிகள் அடுக்கியிருந்தன, எலி வராமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போட வேண்டியிருந்தது.

ஜவுளி உற்பத்தியாளர்கள் சங்கத்தின் அலுவலகம் ஒரு நூல் குடோனுக்கு மேலே இருக்கிறது. தெரு முழுக்கத் தறி ஓடுவதால் அங்கே எல்லோரும் சத்தமாகத்தான் பேசுவார்கள், கோபமில்லாதபோதும். சங்கத் தலைவர்தான் என் அப்பாவுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்குகிறவர். அப்பா அவரை முதலாளி என்பார். நான் அண்ணாச்சி என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் மின்விசிறியை என் பக்கமிருந்து திருப்பியதில் தெரிந்தது.

சங்கத்தில் மகமை உண்டு. அனுப்பும் ஒவ்வொரு பேல் ஜவுளிக்கும் ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகையை எடுத்து வைப்பார்கள், அது நல்ல காரியங்களுக்குப் போகும். கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வாங்குகிறவர் இன்னார் மகன், இன்ன ஊர் என்று மைக்கில் சொல்ல வேண்டும். அவர் சபைக்கு வந்து கையால் வாங்க வேண்டும். முன்னொரு காலத்தில் யாரோ மகமையை விழுங்கிவிட்டார்களாம், அதிலிருந்து அப்படி. தலைவர் இதை எனக்கு விளக்கிவிட்டு, பிள்ளைகளை வேன் பிடித்துக் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டி வரச் சொன்னார்.

நான் முடியாது என்றேன். பிள்ளைகளை மேடையில் ஏற்றக் கூடாது, புகைப்படம் எடுக்கக் கூடாது, வீடியோ கூடாது என்று வரிசையாகச் சொன்னேன். செயலாளர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து எந்த விரலை மடக்கப் போகிறேன் என்று பந்தயம் கட்டியவர் போல.

"பிள்ளையும் கண்ணுல காட்ட மாட்ட, போட்டோவும் கூடாதுங்கிற. அப்பம் எதக் காட்டி நான் மகமைய எடுக்க?" என்றார் தலைவர். "தாழ்ப்பாளுக்குப் பொன்னாடை போத்தவா?"

அறை முழுக்கச் சிரித்தது.

"போத்துங்க அண்ணாச்சி. தாழ்ப்பாளுக்குப் போத்துனா யாருக்கும் கெடுதல் இல்ல" என்றேன்.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. படிக்க வைத்தால் இப்படித்தான் பேசுவார்கள் என்று ஒருவர் சொன்னார், என்னிடம் அல்ல, என்னோடு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அப்பாவிடம். அப்பா ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று நான் பிறகு கேட்கவில்லை.

வெளியே வந்து ஒருங்கிணைப்பாளரிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். கொடுக்கிறவர்களிடம் விதி பேசாதே என்றார். என்னைக் கேட்காமலே தலைவருக்குப் போன் போட்டு, சங்கத்து வீட்டுப் பெண்கள் ஒருநாள் வந்து அறையைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். பார்க்காமல் கொடுக்க மாட்டார்கள் என்றார். பெண்கள் அரிசியோடும் இன்னும் கொஞ்சம் பிஸ்கட்டோடும் போனார்கள். எங்கள் ஊழியர் வாசலிலேயே எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிட்டார், அவர்களும் மறுக்காமல் கொடுத்தார்கள். திரும்பி வந்த பிறகு, பிள்ளைகளே வராவிட்டாலும் பரவாயில்லை, நிறுவனத்தின் சார்பில் நானே சபையில் வாங்கிக்கொள்ளலாம் என்று தலைவர் இறங்கி வந்தார். படம் இல்லை, வீடியோ இல்லை என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் நான் பூ மார்க்கெட் பக்கம் நின்றிருந்தேன். மைக் கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. மாபெரும் மகமை வழங்கும் விழா என்று தொடங்கி, சங்கத்தின் பெருமைகளைச் சொல்லி, உதவி பெறும் பிள்ளைகள் என்று படித்தது. இன்ன பெயர், இன்னார் மகள், இன்ன ஊர். அவள் பெயர் இரண்டாவதாக வந்தது. அவள் அப்பாவின் பெயரும் சரியாக இருந்தது, ஊரும் சரியாக இருந்தது. கடைசியில், மேற்படி பிள்ளைகளின் உறவினர் யாரேனும் இருந்தால் மண்டபத்துக்கு நேரில் வந்து பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது.

நான் ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்றேன். ஓட்டுநர் மைக்கை அணைக்காமலே என்னைத் திட்டினார், அதுவும் மார்க்கெட் முழுக்கக் கேட்டது. அணைக்கச் சொன்னேன். நேற்றுச் சாயங்காலமே கரிவலம்வந்தநல்லூர், சிவகிரி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்ச் சொல்லியாயிற்று, இனி அணைத்து என்ன ஆகப்போகிறது என்றார்.

தலைவர் குடோனில் நூல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். பெயர்கள் எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டேன். பெண்கள் போனார்களே, பிள்ளைகளிடமே கேட்டார்கள் என்றார். அவர் மறைக்கவில்லை. அதில் மறைக்க என்ன இருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் முதலில் வரும் கேள்வி, நீ யார் மகள் என்பதுதான். அதற்குப் பதில் சொல்லாத பிள்ளையும் கிடையாது. போன் இருந்தால் வாங்கி வைத்துவிடலாம். இந்தக் கேள்வியை எந்த வாசலில் வாங்கி வைக்க முடியும்?

"மூஞ்சியக் காட்டாதீயன்னு சொன்ன, காட்டல" என்றார் தலைவர். "இப்பம் பேரையும் சொல்லாதங்கிற. பேரு இல்லாம, தகப்பன் இல்லாம, ஊரு இல்லாம யாருக்கும்மா குடுக்க? பேய்க்கா?"

பிள்ளையை ஒருவன் தேடுகிறான், அதனால்தான் பெயர் கூடாது என்றேன். அதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கேட்டார். யாரைத் தேடுகிறார்கள் என்று சொன்னால், அது சொல்லக் கூடாததைச் சொன்னதாகிவிடும் என்றேன். அவர் மூட்டை இறக்குகிறவர்களைப் பார்த்து, கேட்டீங்களாடே என்று சிரித்தார். ஆட்டோவை மட்டும் நிறுத்தச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து வாசல் கேட்டைப் பூட்டச் சொன்னேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியிடமும் சொன்னேன். என் யோசனை உடனே பஸ் ஏறிப் பிள்ளைகளிடம் போய்விடுவதுதான். ஒருங்கிணைப்பாளர் தடுத்தார். இவ்வளவு தூரம் வந்து மகமையை விட்டால் அடுத்த மாதம் அந்த இரண்டு பெண்களையும் வேலையிலிருந்து நிறுத்த வேண்டியதுதான் என்றார். அது பொய்யில்லை. அதனால் மண்டபத்துக்குப் போனேன்.

முதல் வரிசையில், முகாமில் நான் பார்த்த அந்த மில் ஏஜென்ட் உட்கார்ந்திருந்தான். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் காபி டம்ளர். பக்கத்தில் செயலாளர் உட்கார்ந்து அவனிடம் மழைச் சேதத்தை விசாரித்துக்கொண்டிருந்தார். நான் பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் போட்டுப் போலீஸை அனுப்பச் சொல்லிவிட்டு, தலைவரைத் தேடி மேடைக்குப் பின்னால் போனேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது. அன்று முழுவதும் முதல் தடவையாக.

"பிள்ளைக வராதுன்னியல்லா, பாத்தியா, சித்தப்பனே தேடி வந்துட்டாரு. அவரு கையில கொடுத்திருவோம். விழா முடிஞ்சதும் நம்ம வேன்லயே போயி பிள்ளையக் கூட்டிட்டுப் போட்டும்னு சொல்லிட்டேன். நானும் கூட வாரேன்."

அவர் மனதறிந்து கெட்டது எதுவும் செய்யவில்லை. அதுதான் எனக்கு அதிகம் ஆத்திரமாக இருந்தது. முகாமில் அந்த ஆள் தனியாக வந்தான், ஒரு பெண் கதவில் சாய்ந்து அவனை அனுப்ப முடிந்தது. இங்கே ஊர்ச் சபை அவனைச் சித்தப்பா என்று மேடையேற்றி, மாலை போட்டு, வேன் கொடுத்து, தலைவரையும் உடன் அனுப்பப் போகிறது. அப்படி வந்து நின்றால் அந்தப் பள்ளிக்கூட வாசலில் அவனிடம் யார் என்ன கேட்க முடியும்?

அவன்தான் ஏஜென்ட், சித்தப்பா இல்லை என்றேன். தலைவர் நம்பவில்லை. சபையில் உட்கார்ந்தவரை எழுப்பும் பழக்கம் தங்களிடம் இல்லை என்றார். நான் மருத்துவமனை வார்டுக்குப் போன் போட்டேன். அவள் அம்மாவிடம் போன் கிடையாது, பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள்தான் எடுத்துக் கொடுப்பாள். மைக் இரண்டடி தள்ளியிருந்தது. அதிலிருந்து விலகி நின்று, தலைவர் காதில் மட்டும் போனை வைத்தேன். அம்மா என்ன சொன்னார் என்பது எனக்கும் கேட்டது, சத்தமாகத்தான் சொன்னார்.

"எம் புருசனுக்குக் கூடப் பொறந்தவனே கெடையாதுய்யா. ஒத்தைக்கு ஒரே மவன். எவன் வந்து நிக்கான் அங்கன?"

தலைவர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். செயலாளரை அழைத்து ஏதோ சொன்னார். செயலாளர் போய் அந்த ஆளின் காதில் சொன்னார். அவன் எழுந்தான். ஓடிவிடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மண்டபத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"சித்தப்பன் இல்ல, ஒத்துக்கிடுதேன். ஆனா அவ அப்பன் எங்கிட்ட அட்வான்ஸ் வாங்கிருக்கான், அது பொய்யா? நீங்களும் தறிக்கு ஆள் எடுக்குதீய. அட்வான்ஸ் வாங்கிட்டு வராம இருந்தா விட்டுருவீயளா?"

நடு வரிசையில் ஒருவர், வாங்கின துட்டுக்கு வரத்தானே வேணும் என்று முணுமுணுத்தார். இன்னொருவர் தலையசைத்தார். அந்த வாரம்தான் இரண்டு தறிக்காரர்கள் அட்வான்ஸோடு காணாமல் போயிருந்தார்கள். மண்டபத்தில் பாதிப் பேர் அந்த நஷ்டத்தில் இருந்தார்கள்.

நான் மைக்கை எடுத்தேன். யாரும் என்னை அழைக்கவில்லை.

"வாங்குனது அப்பா. பிள்ளைக்கு வயசு பதிமூணு" என்றேன். "போலீஸ் வந்துக்கிட்டு இருக்கு. அட்வான்ஸ் பேசணும்னு நினைக்கவங்க இருங்க, அவங்ககிட்டப் பேசலாம்."

அந்த ஆள் பக்க வாசல் வழியாகப் போனான். யாரும் தடுக்கவில்லை, வழி விட்டார்கள். போலீஸ் வந்தபோது மேடையில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் அவர்களுக்குக் காபி கொடுத்து, அப்படி ஒருவன் வந்தான், போய்விட்டான் என்றார். நான் புகார் எழுதிக் கொடுத்தேன்.

தலைவர் என்னிடம் கத்தவில்லை. கீழே இறங்கச் சொன்னார். சபையில் வைத்துத் தன் தலையைக் குனிய வைத்துவிட்டேன் என்றார். அன்றைய மகமை கோயில் அன்னதானத்துக்குப் போவதாக மைக்கில் அறிவித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் ஒரு நிம்மதி இருந்தது. அன்னதானத்துக்குப் பெயர் கேட்க வேண்டாம், வயது கேட்க வேண்டாம், தாழ்ப்பாள் வேண்டாம்.

அப்பா செருப்பு விட்ட இடத்தில் காத்திருந்தார். வீட்டு வாசலில்தான் சொன்னார்.

"திங்கக்கிழமை பாவு வராது. ஊரான் பிள்ளைக்குப் பேசப் போனீயே, என் தறிக்கு யாரு பேசுவா?"

பாவு வரவில்லை. பத்து நாள் கழித்து வேறொரு உற்பத்தியாளரிடம் குறைந்த கூலிக்குப் பேசி அப்பா மறுபடி தறியை ஓட்டினார். இன்றுவரை அந்தக் கூலி வித்தியாசம் எங்கள் வீட்டில் என் பெயரில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனேன். அவள் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்த ஆள் வந்தான். நீ இருக்கும் இடம் இப்போது ஊருக்கே தெரியும். மத்தியானத்துக்குள் வேறு ஊரில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்துக்குப் போக வேண்டும். நலக் குழு உத்தரவு கொடுத்துவிட்டது.

"மாத்த மாட்டேன்னு சொன்னீயல்லா" என்றாள்.

சொன்னேன் என்றேன்.

"அப்பம் உங்களுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்க்கா? ரெண்டு பேரும் வண்டியோடதான் வாரீய."

வித்தியாசங்கள் எனக்குத் தெரியும். வரிசையாகச் சொல்லியிருக்கலாம். தட்டிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது, அவள் தட்டை நகர்த்தவில்லை. போகும் வழியில் அம்மாவைப் பார்த்து, தன் வாயால் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்றாள். அது வழியில் இல்லை, சுற்று. மருத்துவமனையில் அந்த ஆள் நிற்கக்கூடும் என்பதும் உண்மை. குழுவிடம் கேட்டேன். பெண் காவலர் ஒருவர் உடன் வந்தால் சரி என்றார்கள். காவலர் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அவள் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

வார்டில் அம்மா கட்டிலில் அசையாமல் படுத்திருந்தார். இவள் போய்க் கழுத்துக்குக் கீழே முகத்தை வைத்துக்கொண்டாள். பிறகு அவள் நிமிர்ந்து, கையைக் குவித்து, அம்மாவின் காதில் போகப்போகும் ஊரையும் இல்லத்தின் பெயரையும் சொன்னாள். அம்மா ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார், இவள் வாயைப் பொத்தினாள்.

"சத்தமாச் சொல்லாத. யாரு வந்து கேட்டாலும் சொல்லாத. சொந்தக்காரங்கன்னு வந்தாலும் சொல்லாத." திரும்பி என்னை ஒருமுறை பார்த்தாள். "இந்தக்கா வந்து கேட்டாலும் சொல்லாதம்மா."

அம்மா சரி என்று கண்ணை மூடித் திறந்தார். நான் கட்டிலின் கால்மாட்டிலிருந்து நகர்ந்து, வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.